கீறல் விழுந்த ஓ

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தன் பெயர் எந்தக் காகிதத்திலும் வந்துவிடக் கூடாது என்று வாழ்ந்த மனிதர். அச்சகத்து வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடமாட்டார், கட்டைவிரலைத்தான் உருட்டுவார். மலாக்காவில் அவரைவிட அதிகம் எழுத்தைத் தொட்டவர் யாருமில்லை, அவர் கைநாட்டு. ரேகை இன்னும் மோசமில்லையா அண்ணே என்று ஒருமுறை கேட்டேன். ரேகையைப் படிக்க அவன் தனியாகப் படித்திருக்க வேண்டும், கையெழுத்தை எவனும் படித்துவிடுவான் என்றார்.

'அவன்' என்றால் யார் என்று கேட்கக் கூடாது. வெள்ளைக்காரன் அவன். ஜப்பான்காரன் இருந்தபோது அவனும் அவன். மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரன், துறைமுகத்தில் முத்திரை குத்துகிறவன், வீட்டு இலக்கம் எழுத வருகிறவன் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரே அவன்தான்.

காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் அச்சகம் இருந்தது. முதலாளி மூன்று தலைமுறையாக ஊரில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். நான் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்து, அங்கே பைண்டிங் வேலை கற்றுக்கொண்டவள். மடிப்பது, தைப்பது, பசை தடவுவது. அவர் கம்பாசிட்டர். ஆங்கில எழுத்துக் கட்டத்துக்கு முன்னால் நின்று, பார்க்காமலே ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோப்பார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச வராது. ஆனால் தலைகீழாக, வலமிடம் மாறி இருந்தாலும் எந்தச் சொல்லையும் வாசிப்பார்.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ராணுவ லாரிகள் எங்கள் தெரு வழியாகப் போகும். லாரிச் சத்தம் கேட்டதும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் கல்மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நிற்பார், தெருவிலிருந்து பார்க்கிறவனுக்குக் கை தெரியட்டும் என்று. சட்டைப்பையில் துண்டுக் காகிதம் இருக்காது. சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டு நகக்கண் வரை கழுவுவார். பூனை இருமினாலும் பின்வாசலைப் பார்ப்பார் என்று பைண்டிங் பெண்கள் நாங்கள் சிரிப்போம். எங்களோடு வேலை செய்த செட்டி கம்பத்துப் பெண் தமிழ் வம்சம்தான், ஆனால் வீட்டுப் பேச்சே மலாய், தமிழ் வராது. அவள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "ஜங்ஙான் தாக்குட்" என்பாள், பயப்படாதே என்று. அவர் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் பயப்படுவார்.

அவரிடம் ஒரு தடித்த அகராதி இருந்தது. ஏதோ தோட்டத்துத் தொரை ஊருக்குப் போனபோது ஏலத்தில் விட்ட சாமான்களோடு வந்தது. அட்டை போய்விட்டது, முதல் நூறு பக்கமும் கரையான் தின்றுவிட்டது. ஒரு சொல் எந்த மொழியிலிருந்து வந்தது, எந்த நூற்றாண்டில் என்ன அர்த்தத்தில் புழங்கியது, எப்போது மாறியது என்று அதில் போட்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிப்பார். எதற்கு இந்த வேலை என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"ஒரு சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம அதக் கையில எடுக்கக் கூடாது தங்கச்சி. நாளைக்கு அவன் வந்து கேப்பான்."

ஆட்களை நிறுத்தி எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், யாரோடு வந்தாய் என்று கேட்கிற காலம் அது. அவர் சொற்களை நிறுத்தி அதையே கேட்டார்.

அவருக்குப் பிடித்தது, அல்லது அவரைப் பிடித்துக்கொண்டது, பி ஓ ஆர் டி என்ற நான்கெழுத்துதான். அது வரும் சொல் எதைக் கண்டாலும் விடமாட்டார். இந்த நாலும் சேர்ந்தால் ஒன்று துறைமுகம், இல்லையென்றால் சுமை, மூன்றாவதாக வாசல், மூலம் லத்தீன் என்பார். ரிப்போர்ட் என்றால் பின்னால் சுமந்துகொண்டு வருவது. அதனால்தான் கோள்காரனுக்கு முதுகு வளைந்திருக்கிறது என்பார். இம்போர்ட் என்றால் உள்ளே சுமந்து வருவது. ஸ்போர்ட் என்பது டிஸ்போர்ட் என்ற பழைய சொல்லின் தலையை வெட்டியது, வேலையிலிருந்து மனதை வேறுபக்கம் தூக்கிக்கொண்டு போவது என்று அதற்குப் பொருள். ஆப்பர்சூனிட்டி மாலுமிகள் விட்டுப்போன சொல், காற்று துறைமுகத்தைப் பார்த்து அடிப்பது. நம் ஊரைப் பிடித்த போர்த்துக்கீசியன் பெயரிலேயே துறைமுகம் இருக்கிறது, அவன் வேறு எங்கே போவான் என்பார். டீபோர்ட் என்றால் ஆதியில் அடக்க ஒடுக்கமாக நடந்துகொள்வது, அவ்வளவுதான். நாடு கடத்துவது என்ற அர்த்தம் பிறகு வந்து ஒட்டியது. நல்ல குடும்பத்துச் சொல், சேர்க்கை சரியில்லை என்று வருத்தப்படுவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

நாங்கள் அச்சடித்ததில் பாதி இந்தச் சொற்கள்தான். பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டை, சரக்குக் கப்பல்காரர்களின் இம்போர்ட், எக்ஸ்போர்ட் ஃபாரம். ஒவ்வொரு முறையும் பொறுக்குவானேன் என்று அந்த நான்கு ஈய எழுத்தையும் வெள்ளை நூலால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். ரிப்போர்ட் வேண்டுமா, முன்னால் இரண்டெழுத்து வைத்து இந்தக் கட்டை அப்படியே செருகவேண்டியது. இதை முதலில் கட்டியவர் அவரில்லை, அவரோடு வேலை பார்த்த சிநேகிதர். ஜப்பான் காலத்தில் ஒரு நாள் அச்சகத்திலிருந்தே அந்தச் சிநேகிதரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. கட்டிலிருந்த ஓ-வின் முகத்தில் குறுக்காக ஒரு கீறல் இருந்தது. அச்சில் அது ஓ-வின் நடுவே மயிரிழையாக விழும். கட்டத்தில் நல்ல ஓ நூறு கிடந்தும் அவர் மாற்றவில்லை. அத்தனை பயந்தவருக்கு அது ஒன்றில்தான் பிடிவாதம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் போனதுதான் என் கெட்ட நேரம். எழுத்துகளைக் கட்டி வைத்திருக்கிறார் என்று தெரியும். கீறலைப் பற்றித் தெரியாது.

என் வீட்டுக்காரர் தொழிற்சங்கத்தில் இருந்தவர். சங்கங்களைக் கலைத்துவிட்டிருந்தார்கள். அவருடைய சிநேகிதர் ஒருவரைப் பிடித்துப்போய் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்போவதாகச் செய்தி வந்தது. அந்தச் சிநேகிதரின் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளோடு இங்கே. ஒரே ஒரு வரி, ஆங்கிலத்தில், ஆபீஸர்கள் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் சகோதரர்களை நாடு கடத்தாதீர்கள் என்ற வரி. எழுத்து கொண்டுவர முடியுமா என்று கேட்டார். எனக்கு ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரியும். சனிக்கிழமை எல்லோரும் கைகழுவப் போனபோது வேண்டியதைப் பொறுக்கிச் சியா என்று நாங்கள் சொல்லும் சாப்பாட்டு அடுக்கின் அடித்தட்டில் போட்டுக்கொண்டேன். டீபோர்ட் என்பதற்கு நான்கெழுத்து கட்டாகவே கல்மேசைமேல் கிடந்தது. வசதியாகப் போயிற்று என்று அதையும் எடுத்தேன். அந்த வசதிதான் எமன்.

பலகையில் வைத்து, துணியால் மை தொட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுபது எண்பது காகிதம் ஒற்றி எடுத்தோம். எழுத்துகளைக் கழுவும்போது அந்த வெள்ளை நூல் அறுந்து வடிகாலில் போய்விட்டது. நான் என் பைண்டிங் நூலைக் கொண்டு கட்டினேன். மெழுகு தடவிய சிவப்பு நூல். கை பழக்கத்தில் புத்தகம் தைத்து முடிக்கிற முடிச்சையே போட்டேன், இறுக்கி. திங்கட்கிழமை யாரும் வருமுன்னே போய் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

கம்பாசிட்டர் வந்தார். அந்த எழுத்துக் கட்டைக் கையில் எடுத்தார். சிவப்பு முடிச்சை விரலால் தடவினார். நான் காகிதம் மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். மெல்லத் திரும்பி, என் மேசைமேலிருந்த சிவப்பு நூல் உருண்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். 

மத்தியானம் சாப்பிடாமல் வெளியே போனார். தெங்கேராவில் கருவாட்டுக்கடைச் சுவரில் ஏதோ ஒட்டியிருக்கிறதாம், மாத்தா கூட்டம் கூட்டமாக நிற்கிறதாம் என்று அதற்குள் தெருவில் பேச்சு. திரும்பி வந்தபோது அவர் முகம் ஈய நிறத்தில் இருந்தது. என் மேசைக்கு வந்து, அன்று காலையில் அடித்த ரிப்போர்ட் அட்டை ஒன்றை எடுத்துப் போட்டு, நகத்தால் ஓ-வைத் தொட்டுக் காட்டினார்.

"இத ஊரு பூரா நாலு வருசமா அடிச்சுக் குடுத்திருக்கோம். செவுத்துல ஒட்டுனதுலயும் இதுதான் இருக்கு."

 அவர் கல்மேசைக்குத் திரும்பிப்போய், முடிச்சை அவிழ்க்காமல், நூல் வளையத்திலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக உருவினார். மற்ற மூன்றையும் அதனதன் கட்டத்தில் போட்டார். ஓ-வை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கல்மேசையின் ஓரத்தில் வைத்தார். நூல் எங்கே போனது என்று நான் கவனிக்கவில்லை. ஓ-வை ஆற்றில் எறிந்துவிடலாமே என்று கிட்டே போய்க் கேட்டேன். எறிவதையும் ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்றார்.

அடுத்த மூன்று நாளும் எங்கே பார்த்தாலும் அந்த ஓ. பக்கத்து வீட்டுப் பிள்ளை ரிப்போர்ட் அட்டையை நீட்டி, கணக்கில் எத்தனை மார்க் பாருங்கள் அக்கா என்றது. எனக்கு மார்க் தெரியவில்லை, கீறல்தான் தெரிந்தது. மளிகைக்கடையில் சீனி மடித்துக் கொடுத்த காகிதம் பழைய இம்போர்ட் ஃபாரம். அதிலும் அது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கண்டுபிடித்தால் எங்கள் இருவரையும் கப்பலேற்றுவார்கள், நான் பார்த்தேயிராத ஒரு ஊருக்கு. என் அம்மா இங்கே தோட்டத்தில் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை வந்தார்கள். வாசலில் ஜீப் நின்றது. ஒரு வெள்ளைக்காரத் தொரை, இரண்டு மாத்தா, கண்ணாடி போட்ட ஒரு தமிழ்த் துப்பறிகிறவர். அவர் கையில் அந்தக் காகிதம். ஊரிலிருந்த அச்சகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். முதலாளி அச்சகப் பெர்மிட்டை எடுத்துக்கொண்டு சட்டம் போடாத படத்தைக் காட்டுவது மாதிரி மார்பில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கல்மேசையின் ஓரத்தைப் பார்த்தேன். ஓ அங்கே இல்லை. கம்பாசிட்டர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

வேலை நேரத்தில் அவர் வெற்றிலை போட்டு நான் பார்த்ததே இல்லை.

துப்பறிகிறவர் அந்த அளவு எழுத்து இருந்த கட்டங்களைத் துழாவினார். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஓ-க்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாக. பிறகு நிமிர்ந்தார்.

"வாயில என்ன?"

"வெத்தல ஐயா."

"துப்பிட்டு வா."

அவருடைய தொண்டை இரண்டு முறை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மூன்றாவது முறை கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் பின்வாசல் சாக்கடைக்குப் போய்த் துப்பினார். துப்பறிகிறவரும் பின்னாலேயே போய்க் குனிந்து பார்த்தார். சிவப்பு எச்சில்தான் இருந்தது.

பிறகு அந்தக் காகிதத்தில் இருந்த வரியையே கோத்து ஒரு ஒற்றி எடுத்துத் தரச் சொன்னார்கள். லாரிச் சத்தத்துக்கே நடுங்குகிற கை அது. அன்றைக்கு நடுங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கட்டத்திலிருந்து பொறுக்கி, கோத்து, மை தடவி, ஒற்றிக் கொடுத்தார். எல்லா ஓ-வும் முழுசாக விழுந்திருந்தது. துப்பறிகிறவர் இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பைண்டிங் மேசைப் பக்கம் திரும்பி, இங்கே வேறு யார் எழுத்தைத் தொடுவார்கள் என்று கேட்டார்.

"யாரும் தொடமாட்டாங்க ஐயா. இதுங்களுக்கு எழுத்துத் தெரியாது."

என்னை அதுவரை யாரும் அத்தனை கேவலமாகச் சொன்னதில்லை. அந்த வார்த்தையில்தான் நான் பிழைத்தேன்.

அவர்கள் போனபிறகு முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். கம்பாசிட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். நான் அருகில் போனேன்.  அவரே சொன்னார், வேடிக்கையென்று தெரிந்தே அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பேச்சு அது.

"இம்போர்ட் ஆயிருச்சு தங்கச்சி."

சிரிக்கப் பார்த்தேன், அழுகை வந்தது. ஜப்பான் காலத்தில் போன சிநேகிதர் விட்டுப்போன எழுத்து அது. பிறகு அது வெளியே வந்ததா இல்லையா என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. கப்பலேற்றவிருந்த மனிதரை எப்படியும் ஏற்றிவிட்டார்கள். எங்கள் எண்பது காகிதத்தால் அவர் ஒரு நாள்கூடக் கூடுதலாக இங்கே இருக்கவில்லை. என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் சங்கம் என்ற சொல்லைச் சொன்னதில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கம்பாசிட்டருக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. எழுத்தை விழுங்கிவிடலாம், அது அடித்த காகிதத்தை என்ன செய்வது? நாளைக்கு எவனாவது ஒரு பழைய ஃபாரத்தையும் அந்த நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? அவர் பழைய காகிதங்களைத் தேட ஆரம்பித்தார். கடைக்குக் கடை போய், பழசைக் கொடுங்கள், புது மாதிரி அடித்துத் தருகிறோம் என்று கேட்டு வாங்குவார். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் வாங்குவார். பல்லில் பாதி போனவர், கடலையை எங்கள் மேசையில் கொட்டிவிட்டுப் பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் பார்ப்பார். என் பைண்டிங் பெட்டியிலிருந்த, துளை போடுகிற சின்ன உளியை வாரத்துக்கு ஒருமுறை இரவல் வாங்குவார். எதற்கு என்று சொல்லமாட்டார். போர்ட் சொற்களைப் பற்றிப் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். ரிப்போர்ட் அட்டை வந்தால் ஒவ்வொரு எழுத்தாகத்தான் கோப்பார். எதையும் சேர்த்துக் கட்டியதில்லை.

எங்களுக்குள் அந்த விஷயம் மறுபடி பேச்சில் வரவேயில்லை. நான்தான் எடுத்தேன் அண்ணே, மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். அவர் உடனே பின்வாசலைப் பார்ப்பார். சொல்லாமலே வருடங்கள் போயின.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. எங்கள் தெருவில் கொடி கட்டினார்கள், செட்டி கம்பத்துப் பெண் எல்லோருக்கும் கேக் கொண்டுவந்தாள். குடியுரிமைக்கு மனுப் போடுங்கள் என்று முதலாளி எல்லோரையும் விரட்டினார். நானும் என் வீட்டுக்காரரும் போட்டோம், கிடைத்தது. கம்பாசிட்டர் போடவில்லை. எந்தச் சொல் எந்த நூற்றாண்டில் எந்தக் கரையில் இறங்கியது என்று சொல்லக்கூடியவர், தான் இறங்கிய வருடத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அதைக் கேட்பார்களே என்றுதான் போகவில்லை. மறு வருடம், யாரும் பிடித்துத் தள்ளாமல், தானே டிக்கெட் எடுத்து நாகப்பட்டினக் கப்பலுக்குக் கிளம்பினார்.

அச்சக வாசலில் வந்து சொல்லிக்கொண்டார். ஏன் அண்ணே போகிறீர்கள் என்று கேட்டேன். காற்று கரைப்பக்கம் அடிக்கிறது என்றார். அது எந்தக் கரை என்று நான் கேட்கவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்து, வீட்டில் போய்ப் பிரி என்றார். அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. கடிதம் எழுதுகிற ஆளா அவர்?

அடுப்பங்கரையில் உட்கார்ந்து பிரித்தேன். ரிப்போர்ட் அட்டைகள், இம்போர்ட் ஃபாரங்கள், எண்ணெய் ஊறிய கச்சாங் பூத்தே காகிதங்கள். இருநூறு முந்நூறு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓ இருந்த இடத்தில் என் உளியால் போட்ட வட்டமான ஓட்டை.

அடியில் ஒன்று மட்டும் மெல்லிய சுருளாக இருந்தது. பின்பக்கத்தில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஓரத்தில் தெரிந்த எழுத்தைப் பார்த்தேன், எங்கள் நோட்டீஸ். அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே கருவாட்டுக்கடைப் பக்கம் எங்கிருந்தோ கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார். இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. சுருள் பிரியாமல் அதன்மேல் மாட்டியிருந்தது சிவப்பு மெழுகு நூல் வளையம், என் முடிச்சோடு.

குடியுரிமைப் பத்திரம் பெட்டியில் இருந்தும் எழுந்துபோய்ப் பின்கதவைத் தாழிட்டேன். அந்தக் காகிதமும் அந்த நூலும் சேர்ந்தால் அன்றைக்கு என்னைக் கப்பலேற்றப் போதும். ஒரு துண்டுக் காகிதத்தைப் பையில் வைக்காத மனிதர் இதை இத்தனை வருடம் எங்கேயோ ஒளித்து வைத்திருந்திருக்கிறார். எனக்காகவா வைத்திருந்தார்? இல்லை. அவன் ஒரு நாள் வந்து அவர் கழுத்தைப் பிடித்தால், நானில்லை, இதோ இவள் என்று காட்டத்தான் வைத்திருந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கோபமும் இல்லை. பயந்தவனுக்கும் ஒரு பின்வாசல் வேண்டும். வந்திருந்தால் காட்டியிருப்பாரா? தெரியாது. சாக்கடையோரம் நின்றபோது அது அவரிடம் இருந்தது, காட்டவில்லை. அது மட்டும் தெரியும்.

ஓட்டைக் காகிதங்களையெல்லாம் எரித்தேன். நோட்டீஸை ஒரே ஒருமுறை விரித்துப் பார்த்துவிடலாம், அந்த ஓ-வைப் பார்த்துவிடலாம் என்று வளையத்தை உருவினேன், காகிதம் கிழிய வந்தது, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நகம் வலித்ததுதான் மிச்சம். பிரிந்துவிடக் கூடாது என்று நான்தான் இறுக்கிப் போட்டிருந்தேன். அப்படியே அடுப்பில் வைத்தேன்.